எச்டி கனெக்ஷன் உள்ள வளாகங்களுக்கு: டிமாண்ட், பவர் ஃபேக்டர், ஜெனரேட்டர் விதிகள்

வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு கல்லூரி, ஒரு மருத்துவமனை, ஆயிரம் பேர் தங்கும் ஒரு விடுதி கட்டுகிற கரண்ட் பில்லை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று கேட்டால், அந்த பில்லில் கையெழுத்துப் போடுகிற பலருக்கே தெரியாது. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் இப்படிப்பட்ட வளாகங்கள் நிறைய. ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஊர்தான். சொந்த டிரான்ஸ்ஃபார்மர், போர்வெல், கழிவுநீர் சுத்திகரிப்பு, ஏசிக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர், சமையலுக்கு பாய்லர், கரண்ட் போனால் ஜெனரேட்டர் என்று எல்லாம் உள்ளேயே இருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் பராமரிப்பு வேலையில் இருபது வருடம் இருந்தவன் என்ற முறையில், விதிகள் என்ன சொல்கின்றன, எங்கே பணம் வீணாகிறது என்று எழுதுகிறேன்.

முதலில் டிமாண்ட், அதாவது வளாகம் முழுவதும் சேர்ந்து ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சுமை. எச்டி, அதாவது உயர் அழுத்த இணைப்பு வாங்கும்போது இத்தனை கேவிஏ (அந்தச் சுமையை அளக்கும் அலகு) வேண்டும் என்று ஓர் எண்ணை எழுதி ஒப்பந்தம் போடுகிறோம். யூனிட்டுக்கான கட்டணம் தனி, இந்த கேவிஏவுக்கான கட்டணம் தனி. தமிழ்நாட்டு விதிப்படி, மாதத்தில் மீட்டர் பதிவு செய்த அதிகபட்ச டிமாண்ட், ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம் என்ற இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம். ஒப்பந்தத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு இரட்டிப்புக் கட்டணம்.

ஒரு கணக்கு போடுவோம். ஒப்பந்தம் 400 கேவிஏ, ஒரு கேவிஏவுக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் கல்லூரி விடுமுறை, பதிவான டிமாண்ட் 210தான். ஆனாலும் 360க்குப் பணம் கட்ட வேண்டும். பயன்படுத்தாத 150 கேவிஏவுக்கு 90,000 ரூபாய் போய்விடும், அதுவும் ஒரே மாதத்தில். இப்போது பன்னிரண்டு மாத பில்லையும் மேசையில் வரிசையாக வையுங்கள். ஆண்டு முழுக்கவே உச்சம் 310ஐத் தாண்டவில்லை என்றால், 400 என்ற எண் யாரோ எப்போதோ 'எதற்கும் இருக்கட்டும்' என்று எழுதியது. ஒப்பந்தத்தை 330 ஆகக் குறைத்தால் குறைந்தபட்சக் கணக்கு 297க்கு இறங்கும். உச்ச மாதத்தில்கூட 30,000 ரூபாய் மிச்சம், மற்ற மாதங்களில் 37,800 வரை.

டிமாண்டைக் குறைக்கக் கேட்பது நுகர்வோரின் உரிமை. மின்வாரியத்தின் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் (நம்ம ஊர்ப் பேச்சில் எஸ்.இ. ஆபீஸ்) விண்ணப்பம் கொடுத்து ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும். ஒன்றை மட்டும் யோசித்துச் செய்யுங்கள்: பிறகு கூட்ட வேண்டி வந்தால் மறுபடி விண்ணப்பம், அதற்கான கட்டணம் எல்லாம் இருக்கும். அடுத்த வருடம் புது விடுதி வரப்போகிறது என்றால் அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு வளாகத்தில் ஒரு மாத பில்லில் டிமாண்ட் திடீரென்று ஒப்பந்தத்தைத் தாண்டி நின்றது. அந்த மாதம் புதிதாக எந்த இயந்திரமும் வாங்கவில்லை. எந்த நேரத்தில் எவ்வளவு சுமை என்று மீட்டர் குறித்து வைக்கும் லோடு சர்வே பதிவை எடுத்துப் பார்த்தோம். ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் கரண்ட் போய் முக்கால் மணி நேரம் கழித்து வந்திருக்கிறது. வந்த உடனே சில்லர், நான்கு போர்வெல் மோட்டார், மேல்நிலைத் தொட்டி பம்ப், வகுப்பறை ஏசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தானாக ஓட ஆரம்பித்துவிட்டன. அறைகள் சூடேறி, தொட்டிகள் காலியாகி இருந்ததால் எதுவுமே நடுவில் நிற்கவில்லை. டிமாண்ட் என்பது ஒரு நொடியின் அளவு அல்ல, குறுகிய நேரத்தின் சராசரி. அந்தச் சில நிமிடங்கள் மாதம் முழுமைக்கும் கணக்காகிவிட்டன. அதற்கப்புறம் பேனல் அறைக் கதவில் ஓர் அட்டை ஒட்டினோம்: கரண்ட் வந்ததும் முதலில் ஆய்வகம், சமையலறை, பத்து நிமிடம் கழித்து சில்லர், அரை மணி கழித்து ஒவ்வொரு போர்வெல்லாக. டைமர் ரிலே சில வாங்கியது தவிர செலவு எதுவும் இல்லை. மறுபடி அந்த அபராதம் வரவே இல்லை.

அடுத்தது பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கேவிஏவில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதம். தமிழ்நாட்டில் எச்டி இணைப்புக்கு இது 0.90க்குக் குறையக் கூடாது. குறைந்தால், 0.85 வரை ஒவ்வொரு 0.01க்கும் மின்நுகர்வுக் கட்டணத்தில் 1 சதவீதம் இழப்பீடு. அதற்குக் கீழே 0.75 வரை 1.5 சதவீதம், அதற்கும் கீழே 2 சதவீதம். யூனிட் கட்டணம் 10 லட்சம் வரும் வளாகத்தில் பவர் ஃபேக்டர் 0.86 என்றால் 40,000 ரூபாய் அபராதம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பவர் ஃபேக்டரை உயர்த்த வைத்திருக்கும் கெப்பாசிட்டர் பேங்கில் இரண்டு மூன்று கெப்பாசிட்டர் உப்பிப்போய் வேலை செய்யாமல் கிடக்கும். வேலூர் வெயிலில் காற்றோட்டம் இல்லாத பேனல் அறையில் அவை சீக்கிரம் போய்விடுகின்றன. மாதம் ஒருமுறை கிளாம்ப் மீட்டர் வைத்து ஒவ்வொன்றும் எவ்வளவு ஆம்பியர் எடுக்கிறது என்று பார்த்தாலே போதும். பவர் ஃபேக்டர் ஏறினால் கேவிஏவும் இறங்கும், மேலே சொன்ன டிமாண்டும் சேர்ந்து குறையும்.

குளிரூட்டலுக்கு வருவோம். கட்டடத்துக்குக் கட்டடம் ஸ்பிளிட் ஏசி மாட்டுவதற்குப் பதில், ஒரே இடத்தில் தண்ணீரைக் குளிரவைத்துக் குழாய் வழியாக எல்லாக் கட்டடங்களுக்கும் அனுப்பும் முறையை மத்திய அரசு 2019ல் வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஊக்குவிக்கிறது. ஒரு நகரப் பகுதி முழுவதற்கும் இதைச் செய்திருப்பதற்கு உதாரணம் குஜராத்தின் கிஃப்ட் சிட்டி. பெரிய வளாகத்துக்கு இது நல்ல வழிதான். ஆனால் நம்ம ஊருக்குத் தண்ணீர்க் கணக்கை முதலில் பார்க்கச் சொல்வேன். கூலிங் டவர் (சூட்டைத் தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றும் கோபுரம்) வைத்த சில்லரில், ஒரு டன் குளிர்ச்சிக்கு மணிக்குச் சுமார் 6 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும். 300 டன் சில்லர் பத்து மணி நேரம் முழுசாக ஓடினால் 18,000 லிட்டர், அதாவது ஒன்றரை லாரித் தண்ணீர். பாலாற்றுப் படுகையில் போர்வெல் போட்டு அதை எடுப்பது நியாயமே இல்லை. விடுதிக் கழிவுநீரைச் சுத்திகரித்து, உப்பின் அளவைக் கட்டுக்குள் வைத்து, கூலிங் டவருக்குத் திருப்புங்கள். அப்புறம் பம்ப். குளிர்நீர் பம்ப்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்து வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். சில்லரையே மாற்றுவதற்கு முன் இதைச் செய்யலாம்.

புதுக் கட்டடம் கட்டுகிறவர்கள் கவனிக்க: எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001ன்படி, 100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது 120 கேவிஏ ஒப்பந்த டிமாண்ட் உள்ள வணிகப் பயன்பாட்டுக் கட்டடங்களுக்கு என்று தனிக் கட்டட விதித்தொகுப்பு இருக்கிறது. கூரை, ஜன்னல் கண்ணாடி, விளக்கு, ஏசி எல்லாவற்றுக்கும் அதில் அளவு உண்டு. கட்டடக் கலைஞரிடம் வரைபட நிலையிலேயே கேளுங்கள், கட்டி முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை. ஏற்கெனவே உள்ள வளாகங்களுக்கு எரிசக்தித் தணிக்கை. பல கல்லூரிகள் நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) மதிப்பீட்டுக்காக ஒரு தணிக்கை செய்து அறிக்கையை பீரோவில் வைத்துவிடுகின்றன. அந்த அறிக்கையின் பரிந்துரைப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து எலக்ட்ரீஷியன் கையில் கொடுங்கள். தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் அமைப்பு, மின் ஆய்வுத் துறை.

அதே துறைதான் ஜெனரேட்டருக்கும் வரும். டிஜி செட்டை, அதாவது டீசல் ஜெனரேட்டரை, நிறுவி ஓட்டுவதற்கு முன் மின் ஆய்வாளரின் ஒப்புதல் வேண்டும். 2023 ஜூலை 1 முதல் தயாராகும் ஜெனரேட்டர்கள், 800 கிலோவாட் வரை, கடுமையான புதிய புகை வரம்புக்கு உட்பட்டவை. பழைய ஸ்டாக்கைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று சொன்னால் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். டீசல் சேமிப்புக்கும் வரம்பு உண்டு: ஒவ்வொரு கலனும் 1,000 லிட்டருக்கு மிகாமல், மொத்தம் 2,500 லிட்டருக்கு மிகாமல் இருந்தால் பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் தேவையில்லை, மேலே போனால் வேண்டும். 500 கேவிஏ ஜெனரேட்டர் முழுச் சுமையில் மணிக்கு 100 லிட்டர் அளவுக்குக் குடிக்கும். அதாவது உரிமம் இல்லாமல் வைக்கக்கூடிய டீசல் ஒரு நாள் வரைதான் தாங்கும். ஐசியூ, ரத்த வங்கி, தடுப்பூசிக் குளிர்பெட்டி, குடிநீர் பம்ப் என்று அவசியமானவற்றைத் தனி லைனில் பிரித்துவிட்டால் அதே டீசல் மூன்று நான்கு நாள் வரும். ஜெனரேட்டரை அடித்தளத்தில் வைக்காதீர்கள் என்பதையும் கையோடு சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

வெளியிலிருந்து சூரிய மின்சாரமோ காற்றாலை மின்சாரமோ வாங்க நினைப்பவர்களுக்கு, மத்திய அரசின் 2022 பசுமை மின்சார விதிகள் வழி திறந்திருக்கின்றன. முன்பு 1 மெகாவாட் இருந்தால்தான் முடியும். இப்போது 100 கிலோவாட் ஒப்பந்தம் இருந்தாலே போதும். விண்ணப்பத்துக்கு 15 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்கிறது விதி. காற்றாலையில் பங்கு வாங்கி 'சொந்த உற்பத்தி' என்று காட்ட வேண்டுமானால், பயன்படுத்துவோரிடம் குறைந்தது 26 சதவீதப் பங்கு இருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும். இடைத்தரகர் கொடுக்கும் ஒப்பந்தத்தில் இந்த இரண்டு எண்ணும் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பில்லில் சந்தேகம் என்றால் முதலில் எஸ்.இ. ஆபீஸில் எழுத்தில் கொடுங்கள். சரியான பதில் இல்லையென்றால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் உள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேலே சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். வழக்கறிஞர் தேவையில்லை, வளாகத்தின் பொறியாளரே போய்ப் பேசலாம். மனுவோடு பன்னிரண்டு மாத பில் நகலையும், அபராதம் விழுந்த மாதத்தின் லோடு சர்வே பதிவையும் இணையுங்கள். அந்தப் பதிவு மீட்டரில் குறிப்பிட்ட நாட்களுக்குத்தான் இருக்கும், பழையது அழிந்துகொண்டே போகும். அதனால் பில் கைக்கு வந்த வாரத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.