ஆங்கில 'வீ' என்றால் நாமா, நாங்களா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில், சனிக்கிழமை சாயங்காலம் படிவம் 4 பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பேச்சுப்போட்டிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பையன் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் இருக்கும் சாக்கடையைப் பற்றிப் பேசினான். இரண்டு நிமிடத்தில் 11 'மஸ்ட்'. ஓரமாக உட்கார்ந்திருந்த ஆயா, "யாரப்பா திட்டுறான்?" என்று கேட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

பையன் யாரையும் திட்டவில்லை, கெஞ்சினான். மனதில் இருந்த 'வேண்டும்' எல்லாம் வாயில் 'மஸ்ட்' ஆகிவிட்டது. தமிழில் 'வேண்டும்' என்ற ஒரே சொல் ஆசைக்கும் உதவும், வேண்டுதலுக்கும் உதவும், கட்டளைக்கும் உதவும். கடுமையைக் குறைக்க நினைத்தால் வினையின் வாலைத் தொட்டால் போதும், 'பாருங்கள்' என்பது 'பாருங்களேன்' ஆகிவிடும். ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. 'ஷுட்' (should), 'குட்' (could), 'பெர்ஹாப்ஸ்' என்று தனிச் சொல்லாகத் தேடி வைக்க வேண்டும், மேடையில் நிற்கும்போது அது கைக்கு வராது.

ஏன் வராது? நெதர்லாந்து மொழி உளவியலாளர் வில்லெம் லெவெல்ட் 1989இல் பேச்சை மூன்று கட்டமாகப் பிரித்தார்: கருத்தைத் திட்டமிடுவது, சொல்லும் இலக்கணமும் கோப்பது, வாயால் ஒலிப்பது. தாய்மொழியில் இரண்டாவது கட்டம் பெரும்பாலும் தானாக ஓடும். இரண்டாம் மொழியில் அதுவே கவனத்தைத் தின்றுவிடுவதால், கேட்பவர் முகம் சுளிக்கிறாரா என்று பார்க்கக்கூட மிச்சம் இருக்காது. மனப்பாடம் செய்த 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன்' மாதிரித் தொடர்களை ஆசிரியர்கள் கேலி செய்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கோக்கும் வேலை இல்லாத அந்த இரண்டு வினாடியில்தான் பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டு அடுத்ததை யோசிக்கிறது.

அப்புறம் இந்த 'வீ'. கேட்பவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். மலாயிலும் அப்படியே, கீத்தா, காமி. இரண்டு மொழியிலும் ஆளை நம் பக்கம் இழுக்க ஒரு சொல் போதும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வீ' ஒன்றுதான், யாரைச் சேர்த்தோம் என்பதைச் சுற்றியுள்ள சொற்கள்தான் காட்ட வேண்டும். பையன் "வீ ஆர் சஃபரிங்" என்றதும் டவுனிலிருந்து வந்த நடுவர் அதை 'நாங்கள்' என்றே எடுத்துக்கொள்வார், பாவம் என்று நினைப்பார், அவ்வளவுதான். அந்தச் சாக்கடைக் கொசு டவுனுக்கும் வரும் என்று ஒரு வரி சேர்த்தோம். 'வீ' உடனே 'நாம்' ஆகிவிட்டது.

சரி, 'மஸ்ட்'களையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினோம். பழைய டயரில் தேங்கும் தண்ணீரைக் கொட்டச் சொல்லும் இடத்தில் மட்டும் அது இருந்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தான். டிங்கிக் கொசு முட்டையிடும் இடம் அது. விட்டுவிட்டேன்.