கெரில்லா: ஒரு குட்டிப் போரின் பெயர்

‘கொரில்லாத் தாக்குதலில் வீரர்கள் பலி’ என்று செய்தித்தாளில் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம், நெஞ்சில் அறைந்துகொண்டு வரும் அந்தக் கறுத்த வாலில்லாக் குரங்குதான் எனக்குக் கண்முன் நிற்கிறது. எழுதியவர் சொல்ல வந்தது அதுவல்ல, மறைந்திருந்து தாக்கும் ‘கெரில்லா’ போர்முறை என்று தெரியும். ஆனால் இத்தனை வருடங்களாக இந்த இரண்டு சொற்களும் நம் எழுத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கின்றன.

முதலில் குரங்கை அனுப்பிவிடுவோம். ஹன்னோ என்ற கார்த்தேஜ் நாட்டு மாலுமி, கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரம் கப்பல் செலுத்திப் போனான். அந்தப் பயணக் குறிப்பு கிரேக்க மொழியில் நமக்குக் கிடைத்திருக்கிறது. உடலெல்லாம் ரோமம் அடர்ந்த ஒரு கூட்டத்தைப் பார்த்ததாகவும், மொழிபெயர்ப்பாளர்கள் அவர்களை ‘கொரில்லாய்’ என்று அழைத்ததாகவும் அதில் வருகிறது. 1847-ல் தாமஸ் சாவேஜ் என்ற அமெரிக்கப் பாதிரியார் அந்தப் பழைய பெயரை எடுத்து ஆப்பிரிக்கக் குரங்குக்கு வைத்தார். இதில் போரும் இல்லை, ஸ்பெயினும் இல்லை.

போர்ச்சொல் ஸ்பானியம். அங்கே ‘கெர்ரா’ என்றால் போர். அதன் பின்னால் ‘இல்லா’ என்ற விகுதி சேர்ந்தால் ‘சின்னது’ என்ற பொருள் வரும். நாம் குட்டிக்கதை, குட்டித்தூக்கம் என்று முன்னால் ஒட்டுவதை அவர்கள் பின்னால் ஒட்டுகிறார்கள். ஐஸ்கிரீம் கடையில் கேட்கிறோமே வெனிலா, அதிலும் இதே விகுதிதான். ‘வைனா’ என்றால் நெற்று, அதற்கு ‘இல்லா’ சேர்த்தால் குட்டி நெற்று. ஆங்கிலத்தில் கொசுவுக்கு இருக்கும் பெயரும் ஸ்பானியத்திலிருந்து போனதுதான்: ‘மோஸ்கா’ ஈ, ‘மோஸ்கீட்டோ’ குட்டி ஈ. ஆக, கெரில்லா என்றால் குட்டிப் போர். அவ்வளவுதான். (ஸ்பானியர் வாயில் அது ஏறக்குறைய ‘கெரிய்யா’ என்றுதான் வரும். நாம் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து ‘ல்லா’ என்கிறோம். இனி அதைத் திருத்த வேண்டியதில்லை.)

கெர்ராவுக்கும் ஒரு வம்சக் கதை உண்டு. லத்தீனில் போருக்குச் சொல் ‘பெல்லும்’. லத்தீனிலிருந்து பிறந்த ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம் மூன்றும் தாயின் சொல்லை விட்டுவிட்டு, ஜெர்மானியக் குடிகளின் ‘வெர்ரா’வை எடுத்துக்கொண்டன. கலகம், குழப்பம் என்பது அதன் பழைய பொருள். ஆங்கிலத்தின் ‘வார்’ அதே வேரில் முளைத்தது. அப்படிப் பார்த்தால் ‘கெரில்லா வார்’ என்பதே ‘குட்டிப்போர்ப் போர்’ என்றாகிறது. நம் ஊர் ‘நடு சென்டர்’ மாதிரி, ‘கேட்டு வாசல்’ மாதிரி. உலகம் முழுக்க இதே வேலைதான் நடக்கிறது.

சொல் ஸ்பானியத்தில் முன்பே இருந்தது. ஆனால் அதை உலகத்துக்குக் கொண்டுபோனவர், ஒரு வகையில், நெப்போலியன். 1808-ல் ஸ்பெயின் மன்னர் நான்காம் சார்லஸையும் அவர் மகன் பெர்டினாண்டையும் பிரான்ஸின் பயோன் நகருக்கு வரவழைத்து, இருவரையும் முடி துறக்க வைத்து, தன் அண்ணன் ஜோசப்பை அரியணையில் உட்கார வைத்தார். அதற்குள்ளாகவே மே 2 அன்று மாட்ரிட் மக்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். பிரெஞ்சுத் தளபதி மியூரா மறுநாள் விடிவதற்குள் பிடிபட்டவர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டுத் தள்ளினார். ஊர்கள் கொதித்தன. ஜூலையில் பைலேன் என்ற இடத்தில் ஒரு முழுப் பிரெஞ்சுப் படையே ஸ்பானியரிடம் சரணடைந்தது. பொறுக்காமல் ஆண்டுக் கடைசியில் நெப்போலியனே நேரில் வந்து ஸ்பானியப் படைகளை அடித்து நொறுக்கினார். பழைய கணக்குப்படி போர் அதோடு முடிந்திருக்க வேண்டும். தலைநகரம் கையில், எதிரிப் படை சிதறல்.

முடியவில்லை. பெரிய போர் தோற்ற இடத்தில் குட்டிப் போர் எழுந்தது. விவசாயி, மேய்ப்பன், கடத்தல்காரன், படையைவிட்டு ஓடியவன், பாதிரியார் என்று ஆளுக்கொரு கூட்டம் மலையேறியது. ஸ்பானியத் தற்காலிக அரசு இதற்கு ஒரு சட்டமும் போட்டது, 1809 ஏப்ரலில். ‘தரைக் கொள்ளை’ என்று அதன் பெயரைச் சொல்லலாம். அக்காலத்தில் எதிரியின் கப்பலைக் கொள்ளையடிக்கத் தனியாருக்கு அரசு உரிமம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதையே தரைக்குக் கொண்டுவந்து, பிரெஞ்சுக்காரனிடம் பிடுங்கியது பிடுங்கியவனுக்கே என்றார்கள். நாட்டுப்பற்றும் வயிற்றுப்பாடும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டன. இதனாலேயே பல கூட்டங்களில் வீரன் யார், வழிப்பறிக்காரன் யார் என்று கிராமத்தானுக்கே தெரியாமல் போனது. பிரெஞ்சுக்காரன் வந்தாலும் கோதுமை போனது, கெரில்லா வந்தாலும் போனது.

ஆனாலும் வேலை நடந்தது. 1811 மே 25. வட ஸ்பெயினின் வித்தோரியா நகரிலிருந்து பிரான்ஸ் எல்லை நோக்கிப் போகும் சாலை ஆர்லபான் கணவாயில் குறுகுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள், கூடவே நூற்றுக்கணக்கான போர்க்கைதிகள், காவலுக்குப் பிரெஞ்சு வீரர்கள் என நீண்ட வரிசை ஒன்று அதில் நுழைந்தது. பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் மஸேனாவும் அதோடு போவதாக இருந்தது. வித்தோரியாவிலேயே தங்கிவிட்டதால் தப்பினார். இரண்டு பக்க மேட்டிலும் பதுங்கியிருந்தவர்கள் நவார்ரா விவசாயியான எஸ்போஸ் இ மினாவின் ஆட்கள். முதல் அணி கடந்து போகட்டும் என்று விட்டு, வரிசை கணவாய்க்குள் முழுக்க நீண்ட பிறகு சுட்டார்கள். கைதிகள் விடுதலை, வண்டிகள் கொள்ளை. பின்னால் ஒரு படைப்பிரிவு உதவிக்கு வருவதற்குள் மலையில் ஆளைக் காணோம்.

இதைவிடப் பெரிய சேதம் தபாலில் நடந்தது. ஒரு கடிதத்தைக் கொண்டுபோகும் குதிரை வீரனுக்குத் துணையாக ஒரு படையையே அனுப்ப வேண்டிவந்தது. அப்படியும் கடிதங்கள் பிடிபட்டன. பிடிபட்டவை, ஸ்பானியரோடு சேர்ந்து பிரெஞ்சுக்காரரை எதிர்த்த பிரிட்டிஷ் படைத்தலைவர் வெலிங்டனின் கூடாரத்துக்குப் போயின. அங்கே ஜார்ஜ் ஸ்கோவெல் என்ற அதிகாரி உட்கார்ந்து எண்களை அலசி ஆராய்ந்து, பிரெஞ்சுக்காரர்கள் உடைக்கவே முடியாது என்று நம்பிய பெரிய சங்கேத எழுத்தை 1812-க்குள் பெருமளவு உடைத்துவிட்டார். ஸ்பெயினில் நெப்போலியனுக்கு 3 லட்சத்துக்கும் மேல் வீரர்கள் இருந்த காலம் உண்டு. அதில் பெரும் பகுதி சாலையையும் பாலத்தையும் தபாலையும் காத்துக்கொண்டே காலம் கழித்தது. வெலிங்டனை எதிர்க்க மிஞ்சியது கொஞ்சம்தான்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல்லைக் கொண்டுபோனவரும் வெலிங்டன்தான். 1809-ல் அவர் எழுதிய கடிதத்தில் இது வருகிறது. அங்கேயே பொருள் ஒரு படி நகர்ந்துவிட்டது. ஸ்பானியத்தில் கெரில்லா என்பது போரும் அந்தக் கூட்டமும். தனி ஆள் ‘கெரில்லேரோ’. ஆங்கிலத்தில் ஆளே கெரில்லாவாகிவிட்டார். நாம் ‘கெரில்லாக்கள்’ என்று எழுதுவது அந்த வழியில் வந்தது. இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. ஸ்பெயினுக்குப் போவதற்குச் சில வருடம் முன்புவரை இதே வெலிங்டன், அப்போது ஆர்தர் வெல்லெஸ்லி என்ற பெயரில், இங்கே நம் பக்கத்தில், வயநாட்டுக் காட்டில், ஆங்கிலேயரை எதிர்த்த கேரள மன்னர் பழசி ராஜாவின் ஆட்களை அடக்கும் வேலையில் இருந்தார். குறிச்சியர் என்ற பழங்குடி வில்லாளிகள் மறைந்திருந்து அம்பெய்த காட்டில் சாலை வெட்டி, இடையிடையே காவல்நிலை போட்டு அடக்கப் பார்த்தார். மறைந்து அடிப்பவனை எதிர்க்கும் அவஸ்தை அவருக்குத் தெரியும். ஸ்பெயினில் அந்த அவஸ்தை எதிரிக்குப் போனது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

‘கரந்தடிப் போர்’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ஈழத்தில் கரந்தடிப்படை, கரந்தடித் தாக்குதல் என்று நன்றாகவே புழங்கியது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அவ்வளவாகக் காணோம். கரத்தல் என்றால் மறைத்தல், ஒளித்தல். ‘கரப்பார் இரவன்மின்’ என்று குறளில் வருகிறதே, இருப்பதை ஒளித்து இல்லையென்பவரிடம் கேட்காதே என்று, அதே கரப்பு. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்துவைக்கும் சித்திரக்கவிக்குக் கரந்துறைப் பாட்டு என்று பெயர். கரந்து அடிப்பது கரந்தடி. ஆநிரை மீட்கும் கரந்தைத் திணையோடு இதை முடிச்சுப் போட ஆசை வரும்; அது சூடும் பூவின் பெயரால் வந்த திணை, எனவே ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

கவனித்தால் ஒன்று தெரியும். ஸ்பானியர் இந்தப் போரை அளவால் அழைத்தார்கள்: சின்னது. தமிழ் அதைச் செய்யும் விதத்தால் அழைக்கிறது: மறைந்து அடிப்பது. என் கணக்கில் தமிழ்ச்சொல்தான் காரியத்துக்குக் கிட்டத்தில் நிற்கிறது. மினாவின் கூட்டம் கடைசியில் ஆயிரக்கணக்கில் வளர்ந்தது, அது எந்த விதத்தில் சின்னது? அடிக்கும் விதம் மட்டும் மாறவில்லை.

சிலர் ‘மறைமுகப் போர்’ என்று எழுதுகிறார்கள். அது சரியில்லை. நேரடியாக இறங்காமல் இன்னொருவனை ஏவிவிடுவது மறைமுகப் போர். ஓர் இடத்தில் காத்திருந்து அடிக்கும் ஒரு சம்பவத்துக்குப் ‘பதுங்கித் தாக்குதல்’ போதும். வருடக்கணக்கில் நடக்கும் முறை என்றால் கரந்தடிப் போர். ஆளைச் சொல்லக் கரந்தடி வீரர், கூட்டத்தைச் சொல்லக் கரந்தடிப் படை. பிறமொழிச் சொல்லே வேண்டுமென்றாலும் குற்றமில்லை, ‘கெ’ போட்டு எழுதுங்கள். அப்புறம், விளம்பரத் துறையினர் சொல்லும் ‘கெரில்லா மார்க்கெட்டிங்’ மட்டும் இதில் அடங்காது. திடீரென்று தெருவில் கண்ணில் படவைப்பதுதான் அங்கே வேலையே. அதைப் போய்க் கரந்தடி என்று எப்படிச் சொல்வது?