சோலாருக்குக் காணி கேட்டு வந்தால்

போன மாதம் ஒருவர் வந்து, சோலார் போட என் மாமாவின் காணியை 20 வருடக் குத்தகைக்குக் கேட்டார். மாமாவிடம் இருப்பது இரண்டு துண்டு: மாரி மழையை நம்பிய வயல், கிணற்றடித் தோட்டம். எதைக் கொடுத்தால் பிரச்சினை வராது என்று மாமா என்னைக் கேட்டார்.

வயலுக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. இலங்கையின் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, நெற்காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்தவோ மண் போட்டு நிரப்பவோ கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி முதலில் வேண்டும். சில வருடம் விதைக்கவில்லை, தரிசுதானே என்று சொல்லித் தப்பவும் முடியாது. முன்பு நெல் விளைந்து, இன்னும் நெல்லுக்கு ஏற்றதாக இருக்கும் நிலமும் நெற்காணிதான். காணி உறுதியையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள்.

தோட்டக் காணிக்கு நெற்காணிக்கான இந்த விதி கைகொடுக்காது. எனக்கு மனம் பதறுவது இங்கேதான். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வெங்காயமும் புகையிலையும் விளைவது இந்தச் செம்பாட்டு மண்ணில். மாமாவின் தோட்டத்தில் மண்வெட்டி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் சுண்ணாம்புக்கல்லில் ‘டங்’ என்று தட்டும். அவருடைய அப்பா கல் கிண்டி, ஆட்டெருவும் பூவரசங்குழையும் தாட்டு உண்டாக்கிய மண் அது. அதற்குள்ளால் இறங்கும் மழைதான் ஊர்க் கிணறுகளுக்குத் தண்ணீர். நிலத்தில் போடும் சோலார் 1 மெகாவாற்றுக்கு ஏறத்தாழ 4 ஏக்கர் கேட்கும், எங்கள் கணக்கில் 64 பரப்பு. குத்தகை முடிந்து மண் திரும்பி வந்தாலும், இறுகிப்போன மண்ணை யார் பழையபடி ஆக்குவது? வேலியோரப் பனைகளைத் தறிப்பதென்றால் பிரதேச செயலகத்தின் அனுமதியையும் கேட்க வேண்டும்.

சரி, சோலாரே வேண்டாமா? வேண்டும், கூரையில். 2016இல் தொடங்கிய ‘சூரியபல சங்கிராமய’ அதற்கான அரசின் திட்டம்தான். வீட்டுப் பாவனை போக மிஞ்சும் மின்சாரத்தை அடுத்த மாதக் கணக்கில் சேர்க்கலாம், அல்லது காசாக வாங்கலாம். உற்பத்தி முழுவதையும் விற்கும் முறையும் உண்டு. 5 கிலோவாற்றுக்கு 300 முதல் 400 சதுர அடி போதும். பேனல் தெற்குப் பார்த்திருந்தால் நல்லது. முற்றத்து மாமர நிழல் விழக்கூடாது. மின்சாரத்தை வாங்கும் விலை அவ்வப்போது மாறுவதால், கையெழுத்துப் போடும் நாளில் என்ன விலை என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் செய்யுங்கள். உங்கள் ஒழுங்கையின் ட்ரான்ஸ்போமர் இன்னும் ஒரு கூரைச் சோலாரைத் தாங்குமா என்று உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் கேளுங்கள். பேனல் வாங்கிய பிறகு தாங்காது என்று சொன்னால், போட்ட காசு கூரையில் முடங்கிவிடும்.