பீனியல்: கூம்புச் சுரப்பி என்ற பெயரும் அதன் இரவு வேலையும்

அக்கா மகள் விலங்கியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "மாமா, பீனியல்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். படத்தில் மூளையின் நடுவே ஒரு புள்ளி, அதற்கு ஒரு கோடு, கோட்டின் முனையில் அந்தப் பெயர். கடலூரில் இருந்துகொண்டு பைன் மரத்துக்கு எங்கே போவது? மறுநாள் மாலை தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் போனபோது, சவுக்குக் காய் ஒன்றைப் பொறுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தேன். செதில் செதிலாக, நடுவில் பருத்து, நுனியில் சிறுத்த காய். சவுக்கு பைன் இனமே இல்லை. ஆனாலும் பைன் காயைப் பார்க்காதவர்களுக்கு அதன் சாயலைக் காட்ட இது போதும்.

லத்தீனில் 'பீனியா' என்றால் பைன் காய். அதற்கும் முன்பே கிரேக்கத்தில் இந்தச் சுரப்பிக்குக் 'கோனாரியன்' என்று பெயர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலனின் எழுத்தில் அது வருகிறது. அதற்கும் பைன் காய் என்றுதான் பொருள். உருவத்தை மட்டும் பார்த்து வைத்த பெயர். நம் மூளையில் இது ஒரு நெல்மணி அளவுதான் இருக்கும்.

தமிழில் 'கூம்புச் சுரப்பி' என்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த சொல்லாக்கம் இது. கூம்பு என்றதும் கணக்குப் பாடத்து உருவம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது பழைய வினைச்சொல். கூம்புதல் என்றால் குவிதல். பொழுது சாய்ந்ததும் தாமரை கூம்பும். கைகூப்புகிறோமே, அந்தக் 'கூப்பு' இதன் பிறவினை. சங்கப் பாடல்களில் கப்பலின் பாய்மரத்துக்கும் கூம்பு என்று பெயர் உண்டு.

இதில் ஒரு அழகு இருக்கிறது. பெயர் மாலையில் குவிவதைச் சொல்கிறது, சுரப்பியோ இருட்டிய பிறகுதான் மலர்கிறது. தாமரையைவிட அல்லிக்கு நெருக்கம். இரவில் அது சுரப்பது மெலடோனின், இரவு வந்துவிட்டதை உடலுக்குச் சொல்லும் ஹார்மோன். 1958-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆரோன் லெர்னரின் குழு மாட்டின் கூம்புச் சுரப்பிகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தது. தவளைத் தோலின் கருநிறத்தை வெளுக்கச் செய்ததால், கருமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதன் பெயரில் ஏறியது. இதற்குத் தமிழில் புதுப்பெயர் தேட வேண்டாம், மெலடோனினே இருக்கட்டும்.

அடுத்து அவள் தடுமாறிய சொல் 'மரபணு வெளிப்பாடு'. மரபணு எங்கோ வெளியே வருகிறது என்று நினைத்துவிட்டாள். மரபணு உட்கருவை விட்டு நகர்வதில்லை, அதன் படிதான் வெளியே போகிறது. ஓலைச்சுவடியைப் பார்த்துப் படி எடுத்தார்களே, அதே சொல்லைத்தான் உயிரியலிலும் 'படியெடுத்தல்' என்று வைத்திருக்கிறோம். அந்தப் படியைப் பார்த்து செல் புரதம் செய்கிறது. எழுதியிருப்பது இப்படிச் செயலுக்கு வருவதே வெளிப்பாடு.

கூம்புச் சுரப்பியில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். மெலடோனின் உண்டாக ஏஏநாட் என்றொரு நொதி வேண்டும். எலியில் அந்த நொதிக்கான மரபணுவின் படிகள் பகலைவிட இரவில் நூறு மடங்குக்கும் மேல் பெருகுகின்றன. ஆடு, குரங்கு போன்றவற்றில் வழி வேறு. பகலிலும் படிகள் இருக்கும், ஆனால் உண்டான நொதி உடனுக்குடன் சிதைக்கப்படும். இரவில் அந்தச் சிதைவு நிற்கும். நடுராத்திரியில் வெளிச்சம் பட்டால் சில நிமிடங்களிலேயே நொதி குறையத் தொடங்கிவிடும்.

இருட்டிவிட்டது என்று சுரப்பிக்கு எப்படித் தெரிகிறது? கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு ரயிலில் போக விழுப்புரம் சுற்ற வேண்டியிருக்கிறது இல்லையா, அதுபோல ஒரு சுற்றுவழி. கண்ணிலிருந்து மூளையின் அடியில் உள்ள கடிகார நரம்புக்கூட்டத்துக்கு, அங்கிருந்து தண்டுவடத்துக்கு, பிறகு கழுத்து நரம்பு முடிச்சு, அப்புறம்தான் திரும்பவும் மேலே ஏறிச் சுரப்பி. அந்தக் கடிகாரத்தின் ஒழுங்கை 'சர்க்கேடியன்' என்கிறார்கள். 'ஏறக்குறைய', 'நாள்' என்ற இரண்டு லத்தீன் சொற்களைச் சேர்த்து 1959-இல் ஃபிரான்ஸ் ஹால்பெர்க் என்ற ஆய்வாளர் உண்டாக்கியது. தமிழில் நான் 'நாளொழுங்கு' என்று எழுதுவேன். 'ஏறக்குறைய' என்ற பகுதி அதில் விடுபடுவது உண்மைதான். வெளிச்சமே படாமல் விட்டால் நம் உடலின் நாள் 24 மணியைச் சற்றே தாண்டும், அதனால் பாடத்தில் அதை ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அவள் புத்தகத்தில் பீனியலுக்குப் பக்கத்தில் பென்சிலால் 'கூம்பு' என்று எழுதி, அடியில் சவுக்குக் காயை வரைந்து வைத்திருக்கிறாள்.