தோட்டத்துச் சாளைக்கு மருந்து தேடி வர என்ன செய்ய வேண்டும்?

முட்டி வலியில் நடை நின்றால், தோட்டத்துச் சாளையில், அதாவது ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில், இருக்கும் பெரியவருக்குச் சந்தை, கோயில், டீக்கடைப் பேச்சு எல்லாம் ஒருசேர நின்றுபோகும். பிள்ளைகள் திருப்பூரிலோ கோவையிலோ இருப்பார்கள். தனியாகச் சமைத்துத் தனியாக உண்பவருக்குச் சாப்பாடு குறைகிறது, தசை கரைகிறது. தளர்ந்த உடம்போடு வெளியே கிளம்புவது இன்னும் அரிதாகிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மருந்து கட்டணமின்றி வீட்டுக்கே வரும். இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி), படுத்த படுக்கையானவர்களுக்கு ஆதரவு சிகிச்சையும் உண்டு. மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள், நடை தளர்ந்தவருக்கு இயன்முறை சிகிச்சைதான் பெரிய உதவி, அதை வாய்விட்டுக் கேளுங்கள்.

பெயர் கொடுக்க வேண்டிய இடம் பக்கத்துத் துணை சுகாதார நிலையம் அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். பெரியவரே போக முடியாவிட்டால் வீட்டார் போய்க் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம். ஆதார், பழைய மருந்துச் சீட்டுகள் கையில் இருக்கட்டும். விவரம் கேட்க 104. சிக்கல் வருவது முகவரியில்தான்: அட்டையில் மகன் வீடு, ஆள் இருப்பதோ சாளையில். எந்த இட்டேரியில் (தோட்டங்களுக்கு இடையே போகும் வண்டித்தடம்) திரும்ப வேண்டும் என்பதையும், பக்கத்துத் தோட்டத்தாரின் போன் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மருந்து கொண்டுவரும் திட்டத் தன்னார்வலர் வீட்டுக்கு வரும்போது ஐந்து விஷயங்களைச் சொல்லுங்கள்: முயலாமலே ஓராண்டில் நாலரை கிலோவுக்கு மேல் எடை குறைவு, ஓயாத அசதி, கைப்பிடி பலவீனம், மெதுவான நடை, நடமாட்டக் குறைவு. இவற்றில் மூன்று இருந்தால் மருத்துவத்தில் அதை முதுமைத் தளர்ச்சி என்பார்கள். ஒன்றிரண்டு இருந்தால் அதற்கு முந்தைய நிலை, மீட்க நல்ல வாய்ப்புள்ள கட்டம். எழுந்ததும் தலை சுற்றினால் கட்டாயம் சொல்ல வேண்டும். எடை குறைந்த உடம்புக்குப் பழைய ரத்த அழுத்த மாத்திரை அளவு கூடுதலாகி, விழ வைத்துவிடலாம். அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இயன்முறை மருத்துவர் தினமும் வரமாட்டார்; அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்தால்தான் காலில் வலு ஏறும். சாப்பாட்டில் கொள்ளுப் பருப்பு, முட்டை சேருங்கள். சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகு.

பேசவோ உதவி கேட்கவோ முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. அதைவிடப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார்: பால் சொசைட்டிக்குக் காலையும் மாலையும் அந்த வழியாகப் போகிறவர். போகிற வழியில் பத்து நிமிஷம் வாசலில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகச் சொல்லி, பிள்ளைகளே அவரிடம் கேளுங்கள்.