கணத்தில் பிறக்கும் சான்றிதழ்

"இணையதளத்துக்கும் எனக்கும் இடையே போவதெல்லாம் மறையாக்கப்பட்டது என்கிறார்கள். செயலிகளைச் சோதிப்பவர்கள் மட்டும் அதை எப்படிப் படிக்கிறார்கள்? டிஎல்எஸ் என்ற அந்த மறையாக்க முறையை உடைத்துவிட்டார்களா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

உடைக்கவில்லை. பர்ப் சூட், மிட்ம்பிராக்ஸி போன்ற கருவிகள் நடுவில் உட்கார்ந்து, உலாவியிடம் தளமாகவும் தளத்திடம் உலாவியாகவும் பேசுகின்றன. இருபுறமும் மறையாக்கம் உண்டு. நடுவில் மட்டும் எல்லாம் வெட்டவெளிச்சம். இதில் ஊருக்கெல்லாம் காட்டும் பொதுச் சாவி ஒன்று, ஒளித்துவைக்கும் தனிச் சாவி ஒன்று. கையெழுத்துப் போடுவது தனிச் சாவியால்தான்.

நான் சொக்கிப்போகும் இடம், தளம் தன்னை யாரென்று நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ். "நீதான் அந்த வங்கி என்பதற்கு யார் கையெழுத்து?" என்று உலாவி கேட்குமே! மிட்ம்பிராக்ஸி என்ன செய்கிறது பாருங்கள். உலாவி அனுப்பும் முதல் செய்தியிலேயே தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாக இருக்கும். அதைப் படித்ததும் உலாவியைக் காக்கவைத்துவிட்டு, உண்மையான தளத்துக்கு ஓடுகிறது. அங்குள்ள சான்றிதழின் பெயர்களைப் பார்த்து, அதே பெயர்களில் புதிய சான்றிதழ் ஒன்றை அப்போதே தயாரித்து, தன் கையெழுத்தைப் போட்டு நீட்டுகிறது. விருந்தாளியைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, கொல்லைப்புறமாகப் போய்ப் பக்கத்து வீட்டில் காப்பித்தூள் வாங்கி வருவதுபோல!

அந்தக் கையெழுத்து செல்ல, அதை நம்பலாம் என்று உலாவிக்குச் சொல்லும் கருவியின் மூலச் சான்றிதழைச் சோதனையாளர் தன் கணினியில் முன்பே நிறுவியிருக்க வேண்டும். பர்ப் வழியாகத் திறந்த தளத்தின் சான்றிதழை விரித்தால், வழங்கியவர் 'போர்ட்ஸ்விக்கர் சிஏ' என்று பர்ப்பைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

கைபேசியில் வேலை கொஞ்சம் கடினம். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7க்கேற்ப எழுதப்பட்ட செயலிகள், பயனர் சேர்த்த சான்றிதழ்களை இயல்பாக நம்புவதில்லை. சில செயலிகள் தங்கள் சேவையகத்தின் பொதுச் சாவியை உள்ளேயே பதித்துவைத்து, வேறெதையும் ஏற்க மறுக்கின்றன. அப்போது, உரிமையாளரின் அனுமதியோடுதான், ஃப்ரிடா என்ற கருவியால் ஓடிக்கொண்டிருக்கும் செயலிக்குள் புகுந்து, சரிபார்க்கும் பகுதியையே எதற்கும் தலையாட்ட வைக்கிறார்கள்.

அனுமதி கேட்காமல் இதைச் செய்த கதையும் உண்டு. லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் விளம்பரம் நுழைக்க நிறுவப்பட்ட சூப்பர்ஃபிஷ், 2015 பிப்ரவரியில் அம்பலமானது. அத்தனை கணினிகளிலும் ஒரே மூலச் சான்றிதழ், ஒரே தனிச் சாவி. அது கிடைத்தால் யார் வேண்டுமானாலும் அந்தக் கணினிகள் நம்பும் சான்றிதழைத் தயாரிக்கலாம். அந்தச் சாவியைப் பூட்டியிருந்த கடவுச்சொல்லைப் பாதுகாப்பு ஆய்வாளர் ராபர்ட் கிரகாம் சில மணி நேரத்தில் கண்டுபிடித்தார்: 'கொமோடியா'. இடைமறிக்கும் நிரலை எழுதிய நிறுவனத்தின் பெயரேதான்!

தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் உலாவி காட்டும் பூட்டுப் படத்தைத் திருஷ்டிப் பூசணிக்காய்போல நம்புவது எனக்கு எரிச்சலூட்டும் மூடநம்பிக்கை. குரோம் அதை 2023இல்தான் முகவரிப் பட்டையிலிருந்து எடுத்தது. சூப்பர்ஃபிஷ் இருந்த கணினிகளிலும் அந்தப் பூட்டு ஒழுங்காகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.