இடையகம்: வழிவும் துண்டிப்பும்

பஃபர் என்னும் ஆங்கிலச் சொல், அடி என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லோடு உறவுடையது. 19ஆம் நூற்றாண்டில் அது ரயில் பெட்டிகளின் முனையில் மோதலின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் தாங்கிக்குப் பெயராயிற்று. வேதியியல் பாடநூல்கள் 'தாங்கல் கரைசல்' என்று எழுதுவது இப்பொருளை ஒட்டியே. கணினியிலோ, வேகம் ஒவ்வாத இரு பகுதிகளுக்கு நடுவே தரவு சற்றுத் தங்கிச் செல்லும் நினைவக இடத்தையே அச்சொல் சுட்டுவதால், தாங்குவதைவிட நடுவில் இருப்பதே முதன்மை பெறுகிறது. ஆகவே இடை, அகம் இரண்டும் புணர்ந்த 'இடையகம்' இங்கே பொருந்துகிறது.

நிரலர் முன்கூட்டியே அளவை வரையறுத்துவிட்டால் அது நிலையளவு இடையகம். அதை மீறி எழுதுவதை 'இடையக வழிவு' என்கிறோம். கணினியில் யார் யார் நுழைந்திருக்கிறார்கள் என்று சொல்லும் ஃபிங்கர் சேவையின் 512 பைட் இடையகத்தை மீறி எழுதித்தான் 1988இல் மோரிஸ் புழு என்னும் தானே பரவும் நிரல் பல கணினிகளுக்குள் புகுந்தது. ஏரி நிறைந்து கலிங்கு வழியே மறுகால் பாய்வதுதான் வழிதல்; அண்டை நினைவகத்தை அழித்துப் பாயும் இதை 'உடைப்பு' என்றிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கண்காணிப்பு மென்பொருளில் இப்போது தலைதூக்கும் பிழை வேறு வகையானது. லினக்ஸ் இயங்குதளத்தில், கணினியின் நிலையைக் காட்டும் புராக் அடைவின் ஸ்டாட் கோப்பு, ஒவ்வொரு தருக்கச் செயலிக்கும் (இயங்குதளம் தனிச் செயலியாக எண்ணும் அலகு) ஒரு வரியைத் தந்து, அதன்பின் செயலியின் கவனத்தைக் கோரும் குறுக்கீடுகளின் எண்ணிக்கையை ஒரே நீண்ட வரியில் அடுக்கி, அதற்கும் கீழேதான் சூழல் மாற்றங்களையும் (செயலி ஒரு பணியிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய தடவைகள்) கணினி தொடங்கிய நேரத்தையும் தருகிறது. இந்த அடைவைப் படித்துக் காட்டும் கருவிகளின் தொகுப்பான புராக்பிஎஸ்ஸின் பழைய நிரல் இதைப் படிக்க ஒதுக்கியது 65,536 பைட். நான்கு செயலி காலத்தில் அது தாராளம். 192 கருக்கள் கொண்ட எபிக் என்னும் செயலிச் சில்லுகள் இரண்டைப் பொருத்திய வழங்கியில், கருவுக்கு இரண்டு வீதம் 768 தருக்கச் செயலிகள் உண்டு. வரிக்கு 80 பைட் என்றால் அவற்றுக்கே 61,440 பைட் போய்விடும். குறுக்கீட்டு வரியின் நடுவிலேயே இடம் தீர்ந்துவிடும். நிரல் அளவை மீறுவதில்லை, எனவே வழிவு இல்லை; ஆனால் கீழுள்ள வரிகள் அதன் கண்ணிலேயே படுவதில்லை. பிழைச்செய்தி எதுவுமின்றி, சுழியோ பழைய மதிப்போ திரையில் நின்றுவிடக்கூடும்.

இதையும் வழிவு என்றே எழுதுவது தவறு. 'இடையகத் துண்டிப்பு' என்பதே தகும். 1,024க்கு மேற்பட்ட செயலிகள் உள்ள கணினியில் ஜிலிப்சி என்னும் அடிப்படை நிரலகத்தின், 1,024 செயலிகளுக்கே இடமுள்ள நிலையளவுச் செயலிக் கணத்தைக் கொடுத்து, நிரல் எந்தெந்தச் செயலிகளில் ஓடலாம் என்னும் இசைவைக் கேட்டால், இயங்குதளத்தின் மையப் பகுதியான கருனி பிழை எண்ணைத் திருப்பி வெளிப்படையாக மறுத்துவிடுகிறது. அது இவ்விரு சொற்களுள் எதற்குள்ளும் அடங்காது.